மணியும் படிக்காசும்



திருவாரூரில் அரசுபுரிந்த மனுநீதிச் சோழர் தமது அரண்மனை வாயிலிலே ஆராய்ச்சிமணி கட்டுவித்த வரலாற்றை நீவிர் மாணாக்கருக்குப் பலமுறை சொல்லியிருப்பீர்கள். முறை வேண்டினோர் எவராயினும் அம்மணியை அசைக்கலாம். ஒருநாள் அரசகுமாரன் ஏறிச் சென்ற தேரின் சக்கரத்திலே ஒரு பசுக்கன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு கண்ணீர் சொரிந்து வந்து தன் கொம்பினால் அம்மணியை அடித்தது. அரசர் தம் ஒரே மைந்தன்மீது தேரை ஊர்ந்தார். தியாகேசப் பெருமான் வெளிப்பட்டருள, கன்றும் மைந்தனும் மந்திரியும் உயிர்பெற்றெழுந்தனர்.

இச்சரிதத்தைப் படிப்பிக்கும்பொழுது நாம் யாவரும் அரசருடைய நீதியையே எடுத்து வியக்கின்றோம். அது தக்கதே. ஆயினும், அந்த மணி அடிக்கப்பட்ட வேளையிற் கன்று இறந்து கிடந்தது என்பதனையும் சற்றே நினைத்தல் வேண்டும். அரசவீதியிலே சேனை சென்றது, வாத்தியம் முழங்கியது, சனங்கள் நிறைந்திருந்தனர். அத்துணைப் பேருக்கிடையே, தாயைப் பிரிந்து துள்ளி வந்த அந்தக் கன்றை ஒருவரும் காணவில்லை. கண்டு ஒருபுறம் ஒதுக்கி விட்டிருப்பாராயின், மணிக்கு வேலையே இராது. இறந்த கன்றை எழுப்புதல் இறைவனுக்கு இயலும். நமக்கு இயலாது.

நமது நாட்டிலும் மணி கட்டப்பட்டிருக்கின்றது. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டிநிற்கும் பிள்ளையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவருதற்கும், தக்கவர் ஒருவரிடத்தோ ஓர் இல்லத்திலோ ஒப்புவித்தற்கும் வழிசெய்தது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் அதற்காகவே இருக்கின்றது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் நிறுவப்பட்டது. 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தை எவரும் அழைக்கலாம். இம்மணியை நாம் குறைத்துப் பேசுகின்றோம் என்று எவரும் கருதற்க. பிள்ளையின் உடம்பிலே சூட்டுத்தழும்பைக் கண்டால், வீட்டுக்குப் போக அஞ்சி நடுங்கும் பெண்குழந்தையைக் கண்டால், அந்த நாளே மணியை அடித்தல் வேண்டும். குடும்பத்தின் மானம் என்றும், இனத்தார் என்ன சொல்வர் என்றும், தகப்பனார் கோயிற் காரியங்களில் முன்நிற்பவர் என்றும் வாயடைத்திருத்தல் சிவத்துரோகமாகும். இதிலே இரண்டாம் பேச்சில்லை.

ஆனால், வீட்டைவிட்டு இல்லங்களுக்குப் போகும் பிள்ளைகள் எல்லாரும் இத்தகையோர் அல்லர். சேவ் த சில்ரன் என்னும் தாபனத்தார் இலங்கையிலுள்ள சிறுவர் இல்லங்களை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டிலே ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவ்வில்லங்களிலே வாழ்ந்த பிள்ளைகளிற் பெரும்பாலோர் பெற்றோரை இழந்தவரல்லர். தாயோ, தந்தையோ, இருவருமோ உயிருடன் இருந்தனர். அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்த காரணங்களுள் முற்பட நின்றது வறுமை. வாயிற்பலகையிலே அநாதை என்ற சொல் எழுதப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் பிள்ளையோ, ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா வருவாவென்று படலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வறுமை வேறு, கொடுமை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிதலே இந்தப் பிரசங்கத்திற் சொல்ல வந்த பொருளின் முதற்படி. பட்டினியாய் வரும் பிள்ளையைப் பார்த்து, தாய் கவனிக்கின்றிலள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். அவள் கவனியாமலா விட்டாள், கவனிக்க இயலாமலா நின்றாள் என்று கேட்பதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும்.

சீகாழியிலே திருஞானசம்பந்தப் பிள்ளையார் மூன்று வயதுக் குழந்தையாய்த் தீர்த்தக் கரையிலிருந்து அழுதார். தகப்பனார் சிவபாதவிருதயர் நீரினுள் மூழ்கியிருந்தார். குழந்தையின் அழுகையைக் கேட்டு அம்மையப்பர் எழுந்தருளி வந்தனர். உமாதேவியார் பொற்கிண்ணத்திலே பாலைக் கறந்து சிவஞானங் குழைத்து ஊட்டினார். பிறகு என்ன செய்தார்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு கைலைக்குப் போய்விட்டாரா? இல்லை. கண்ணீரைத் துடைத்து, பாலூட்டி, அக்கரையிலேயே விட்டுச் சென்றார். தகப்பனார் நீரினின்றும் எழுந்து வந்தபொழுது குழந்தை அங்கேயே இருந்தது, கடைவாயிலே பால் வழிய. உலகம் முழுவதற்கும் தாயானவள், ஓர் ஏழை வேதியருடைய குழந்தைக்கு வேண்டியதைக் கொடுத்தாளேயன்றி, அவரிடத்திலிருந்து குழந்தையை எடுத்தாளில்லை. சிவபாதவிருதயர் கவனக்குறைவான தகப்பனார் என்று தோணிபுரத்திலே ஒரு விசாரணையும் நடந்ததில்லை.

இனி நாம் வாழும் கொழும்புக்கு வருவோம். கொட்டாஞ்சேனையிலே தோட்டம் என்று பேர்பெற்ற நெருங்கிய குடியிருப்புக்களை நீவிர் அறிவீர்கள். ஓரறை வீடு, பொதுக் குழாய். ஆண்கள் புறக்கோட்டையிலே நாட்டாமையாக மூட்டை சுமப்பர், அல்லது துறைமுகத்தைச் சார்ந்த கூலிவேலை பார்ப்பர். பெண்கள் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்வர். நாட்கூலி ஒருநாள் நின்றால், அடுப்பும் அன்றே நிற்கும். 2022ஆம் ஆண்டிலே நாடு வங்குரோத்து அடைந்தபொழுது, செப்டெம்பர் மாதத்திற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டுக்கு முன்னிருந்ததிலும் 69.8 வீதம் உயர்ந்தது. உணவின் விலை 94.9 வீதம் உயர்ந்தது. அதாவது, முந்தின ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய இருநூறு கொடுக்க வேண்டியதாயிற்று. கூலி இரட்டித்ததா? அந்த ஆண்டிலே அடகு வைத்த தாலிக்கொடியை மீட்க இயலாமற்போனவர் எத்தனை பேர் என்பதைச் செட்டியார் தெருவுக்குத்தான் தெரியும்.

வெள்ளவத்தையின் வறுமை வேறுவிதமானது. அது மடிப்புக் கலையாத சட்டையுடன் வரும். யுத்தகாலத்திலே வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வந்து, ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டிலுள்ள ஒருவர் அனுப்பும் பணத்தினாற் சீவித்த குடும்பங்கள் பல. அப்பணம் ஒருநாள் வராமல் நிற்கும். அது நின்ற செய்தி அயல்வீட்டுக்குந் தெரியாது. பிள்ளை கோயிலுக்குத் திருநீறு பூசி வரும். கொப்பி வாங்கவில்லை என்று மாத்திரஞ் சொல்லும். கொட்டாஞ்சேனைத் தாய் வாய்விட்டுக் கேட்பாள். வெள்ளவத்தைத் தாய் கேளாள். பின்னவளுக்கு உதவுதல் அரிது. அங்கே உபாத்தியாயருடைய கண்தான் வேண்டும்.

திருவீழிமிழலையிலே பெரும்பஞ்சம் வந்த காலத்தில் நடந்ததை இவ்விடத்திலே விரிவாக நினைக்க விரும்புகின்றோம். மழை பொய்த்து உயிர்கள் வருந்தியபொழுது, திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அத்தலத்தில் இருந்தனர். இறைவன் இருவர்க்குங் கனவிலே தோன்றி, அடியாரைத் தாங்குதற்பொருட்டு நாடோறும் ஒவ்வொரு காசு தருவோம் என்று அருளினார். கிழக்குப் பீடத்திலே பிள்ளையாருக்கும், மேற்குப் பீடத்திலே அரசுகளுக்கும் காசு இருந்தது. அது கொண்டு இரு திருமடங்களிலும் அமுது சமைக்கப்பட்டது. பறையறைந்து அழைக்க, அடியார் வந்து உண்டனர்.

இங்கே மூன்று சங்கதி கவனிக்கத்தக்கன. படிக்காசு பஞ்சம் முடிந்தபின் வரவில்லை; பஞ்சத்தின் நடுவே, நாடோறும் வந்தது. பெருநிதியாக ஒரேநாளில் வரவில்லை; ஒரு நாளுக்கு ஒரு காசாக, அற்றைக்கு வேண்டிய அளவாக வந்தது. மூன்றாவதே மிகவும் நயமுடையது. நாவுக்கரசர் திருமடத்திலே அடியார் காலத்தில் அமுது செய்தனர். பிள்ளையார் திருமடத்திலோ அமுது தாமதித்தது. பிள்ளையார் அதனைக் கவனித்தார். சமையற்காரரை வைதாரா? சோம்பேறிகள் என்று விலக்கினாரா? ஏன் பிந்துகின்றது என்று கேட்டார். கிடைக்கும் காசு வாசியுடையது, கடைவீதியிலே அதனை வட்டங்கொடுத்து மாற்றிப் பண்டம் வாங்குதற்குள் நேரஞ் செல்கின்றது, மற்றைத் திருமடத்துக் காசோ வாசியில்லாதது என்று அவர் சொன்னார். குறை சமையற்கட்டிலே இல்லை, காசிலே இருந்தது. மறுநாட் பிள்ளையார் இறைவனிடத்திலேயே விண்ணப்பித்து, வாசியற்ற காசைப் பெற்றார். அன்றுமுதல் அமுது நேரத்துக்கு ஆயிற்று.

பிந்தி வரும் பிள்ளையை வாயிலில் நிறுத்திப் பிரம்பை எடுக்கும் உபாத்தியாயர் இச்சரிதத்தை வகுப்பிலே எவ்வாறு சொல்கின்றாரோ, நாம் அறியோம்.

கொட்டாஞ்சேனைப் பகுதியிலே ஒரு பாடசாலையில் நடந்த காரியம் ஒன்றைச் சொல்வோம். பத்து வயதுடைய மாணாக்கன் ஒருவன் நாடோறும் முதற்பாடம் முடிந்த பின்னரே வருவான். தண்டனையும் உண்டு. புதிதாக வந்த ஓர் உபாத்தியாயினி, ஏன் பிந்தினீர் என்று கேளாமல், “தம்பி, விடிய எத்தனை மணிக்கு எழும்புகிறீர்?” என்று கேட்டார். “நாலு மணிக்கு, ரீச்சர்,” என்றான். நாலு மணிக்கு எழும்புகிறவன் எட்டரைக்கு வருவானேன்? அம்மா சாப்பாட்டுக்கடை ஒன்றில் இடியப்பம் அவிக்க நாலரைக்குப் போய்விடுவா. மூன்று வயதுத் தங்கையை எழுப்பி, முகங்கழுவி, பாணுந் தேநீருங் கொடுத்து, இரவுவேலை முடித்து வரும் அயல்வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு இவன் ஓடிவர வேண்டும். அயல்வீட்டுப் பெண் வரும்பொழுதே எட்டு மணியாகும். அந்தத் தாய், சிறுபெண்ணை ஓர் இல்லத்திலே விடுவதற்கு விண்ணப்பமும் எழுதுவித்து வைத்திருந்தாள். உபாத்தியாயினி அதே தோட்டத்திலே தனியாக இருந்த ஒரு மூதாட்டியைக் கண்டு பேசினார். காலை இரண்டு மணிநேரம் குழந்தை அவரிடம் இருப்பதாயிற்று. மூன்று ஆசிரியர் சேர்ந்து அம்மூதாட்டிக்குச் சிறுதொகை கொடுத்தனர். அடுத்த ஆண்டு குழந்தையை முன்பள்ளியிற் சேர்த்தாயிற்று. எழுதிய விண்ணப்பம் கொடுபடவேயில்லை. இதற்குச் செலவான பணத்தைக் கேட்டால் நகைப்பீர்கள்.

வேறொரு காரியம் இவ்வாறு முடியவில்லை. தகப்பன் கட்டடவேலையில் விழுந்து இடுப்பொடிந்தான். தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய பெண்கள் அவ்வாறு போதலாகாதென்று 2013ஆம் ஆண்டிலே ஒரு விதி வந்தது. 2022ஆம் ஆண்டிலே அவ்வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. இவளுடைய பிள்ளைகள் அவ்வயதைக் கடந்தவர்களாதலின் விதி தடுக்கவில்லை. பிள்ளைகள் பாட்டியோடு இருந்தனர். பாட்டிக்குக் கண்ணிலே புரை வளர்ந்தது. அண்ணன் திங்கட்கிழமைகளில் வராமல் நின்றான். பிறகு வாரத்தில் இரண்டு நாள். பிறகு ஒரு மாதம். வரவு இடாப்பிலே எல்லாம் ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஈற்றிலே யாரோ மணியை அடித்தனர், அடித்தது பிழையன்று. அண்ணன் ஒரு மாவட்டத்து ஆண்பிள்ளைகள் இல்லத்துக்கும், தங்கை வேறொரு மாவட்டத்துப் பெண்பிள்ளைகள் இல்லத்துக்கும் அனுப்பப்பட்டனர். இடாப்பிலே அவன் பேர்மேல் சிவப்பு மையினால் ஒரு கோடு. பாட்டியின் கண்ணுக்கு அரசாங்க வைத்தியசாலையிலே சத்திரசிகிச்சை செய்யக் காசு வேண்டியதில்லை. கூட்டிக்கொண்டு போவதற்கு ஓராள் வேண்டியிருந்தது.

கூட்டிக்கொண்டு போதல் என்ற இந்தக் காரியத்தைச் சிறிதாக எண்ணற்க. அரசாங்க உதவிகள் இல்லையென்று சொல்வோர் பாதியே அறிந்தவர். இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டிலே வந்தது. இலவசப் பாடநூல் 1980ஆம் ஆண்டிலே வந்தது. சீருடைத் துணி 1993ஆம் ஆண்டிலே வந்தது. திரிபோஷா மாவு 1973ஆம் ஆண்டு தொடக்கம் தாய்மாருக்குஞ் சிறுகுழந்தைகளுக்கும் வழங்கப்பட்டு வருகின்றது. 1995ஆம் ஆண்டின் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்திலே 2023ஆம் ஆண்டில் அஸ்வெசும வந்தது. இவை பீடத்திலே வைக்கப்பட்ட காசுகள். எடுத்து வந்து பண்டமாக மாற்றுவதிலேதான் வாசி இருக்கின்றது. பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லை. மலைநாட்டிலிருந்து வந்த குடும்பத்திலே பிள்ளையின் பிறப்புப் பதியப்படவேயில்லை. வாடகை வீடு மாறியபடியால் வாக்காளர் இடாப்பிலே பேர் இல்லை. கிராம உத்தியோகத்தர் இருக்கும் நேரத்திலே தாய் வேலையில் இருப்பாள். ஒருநாள் நின்றால் கூலி போய்விடும். படிவம் சிங்களத்தில் வந்தால், தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் சொல்வதை அவள் அறியாள். கைந்நாட்டுப் போட்டுவிட்டு வருவாள்.

கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரதேச செயலகத்துக்குள் அடங்கும். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகத்துக்குள் அடங்கும். அச்செயலகங்களிலே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்றொருவர் இருப்பது நம்மிற் பலருக்குத் தெரியாது. நன்னடத்தை உத்தியோகத்தர் வழக்கு வந்த பின்னர் வருபவர் என்று நினைக்கின்றோம்; அவர் முன்னரும் வருவார், அழைத்தால். பிறப்பைப் பிந்திப் பதிவதற்கும் வழியுண்டு. அது கூடாதவிடத்து உத்தேச வயதுப் பத்திரம் பெறுதற்கும் வழியுண்டு. எழுத்தறிந்த ஓர் ஆசிரியர் அரைநாள் லீவெடுத்து அத்தாயுடன் சென்று வரிசையில் நிற்பாராயின், அதுவே கைத்தொண்டு. நாவுக்கரசருக்கு வாசியில்லாத காசு கிடைத்தது உழவாரத் திருத்தொண்டினால் என்பது பிள்ளையார் தாமே உணர்ந்த உண்மை.

நாம் பாதிரிமார் வித்தியாசாலையிற் படித்தவர்கள். ஆகையால் அவர்களைப் பற்றி நீதியாகப் பேசுதல் நமக்குக் கடன். வட்டுக்கோட்டையிலே 1823ஆம் ஆண்டிலும், உடுவிலிலே 1824ஆம் ஆண்டிலும் அமெரிக்க மிஷனார் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பிக்குஞ் சாலைகளைத் தொடங்கினர். உணவும் உடையுங் கல்வியும் கொடுத்தனர். அவற்றினால் தமிழுக்கு வந்த பயன் பெரிது. அதை மறுப்பவர் நன்றி கொன்றவராவர். ஆயினும், பணமனுப்பிய அமெரிக்கருடைய பேரே பல பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டது. கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பேர்களிலே அந்தச் சுவடு இன்றுங் காணலாம். சோறு கொடுத்தவன் பேரும் வைத்தான். பசியைக் காரணமாக வைத்துப் பிள்ளையை வீட்டிலிருந்து பெயர்த்தெடுக்கும்போது, பேர் முதலாகப் பலவும் கூடவே பெயர்கின்றன. இதைச் செய்பவர் திருநீறு பூசியவராயினும் விளைவு ஒன்றே.

ஆறுமுக நாவலரும் பாதிரிமாரிடத்திலே படித்தவரே. 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் அவர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதை நாம் ஆண்டுதோறும் மேடைகளிலே பேசுகின்றோம். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே அவர் நடத்திய கஞ்சித்தொட்டித் தருமத்தை அத்துணை பேசுவதில்லை. கஞ்சித்தொட்டியிலே குடித்த பிள்ளை தன் வீட்டுக்குத் தன் பேருடன் திரும்பிப் போயிற்று.

பிறதேசத்தாரும் இதைக் காலந்தாழ்த்தியே கற்றனர். அமெரிக்காவிலே ஏழைப்பிள்ளைகளைக் கூட்டங்கூட்டமாக அநாதைச் சாலைகளிற் சேர்த்து வந்தனர். 1909ஆம் ஆண்டிலே தியடோர் ரூஸ்வெல்ட் என்னும் சனாதிபதி வாஷிங்டனிலே கூட்டிய மகாநாட்டிலே, வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையை வீட்டினின்றும் பிரித்தலாகாது என்று தீர்மானித்தனர். இரண்டு வருடத்தில், 1911இல், இல்லினோய் மாகாணத்திலே பிள்ளையுடைய ஏழைத் தாய்மாருக்கு உதவிப்பணங் கொடுக்குஞ் சட்டம் வந்தது. இல்லத்துக்குக் கொடுக்கும் பணத்தைத் தாய்க்கே கொடுத்தால் என்ன என்பதே அதன் உட்கருத்து. 2009ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் சபையும் அதனையே வழிகாட்டு விதியாக ஏற்றது. இலங்கையிலே 2019ஆம் ஆண்டின் மாற்றுப் பராமரிப்புத் தேசியக் கொள்கையும் குடும்பத்தை முன்வைத்து இல்லத்தைக் கடைசியில் வைக்கின்றது. ருமேனியாவின் தலைநகராகிய புக்காரெஸ்டிலே 2000ஆம் ஆண்டு தொடங்கி, இல்லங்களில் இருந்த 136 சிறுகுழந்தைகளை ஆராய்ந்தனர். பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களிற் சேர்க்கப்பட்டனர். அவ்வாறு சேர்ந்தவருள்ளும், இரண்டு வயதுக்கு முன்னர்ச் சேர்ந்தோர் பிந்திச் சேர்ந்தோரிலும் நன்றாகத் தேறினர். பிறகு பாலூட்டுவோம் என்று உமாதேவியார் காத்திருக்கவில்லை என்பதை இங்கே மறுபடி நினைத்துக்கொள்ளலாம்.

தாயுந் தந்தையும் இல்லாத பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். திருவாமூரிலே புகழனாரும் மாதினியாரும் இறந்தபொழுது மருணீக்கியார் சிறுபிள்ளை. தமக்கையார் திலகவதியார் தமக்கு மணம்பேசிய கலிப்பகையாரும் போரிலே இறந்தமை கேட்டு உயிர்விடத் துணிந்தார், தம்பிக்காக உயிர்தாங்கினார். அந்தத் தமக்கையின் வீட்டிலிருந்தே நாவுக்கரசர் நமக்குக் கிடைத்தார். நமது தோட்டங்களிலும் பின்னறைகளிலும் திலகவதியார் பலர் இருக்கின்றனர்: பேத்தியார், பெரியம்மா, பதினெட்டு வயது அக்கா. அவர்களுக்கு வேண்டுவது பாராட்டன்று. அரிசியும் வாடகையும், படிவம் எழுதித் தர ஒரு கையும்.

இனி நாம் சொல்வது சிலருக்குக் கசக்கும். கொழும்பிலே நம்மவர் பிறந்தநாளுக்கும், ஆண்டுத்திவசத்துக்கும் சிறுவர் இல்லங்களிலே மதியபோசனங் கொடுக்கின்றனர். நல்ல மனத்தோடு கொடுக்கின்றனர். பிள்ளைகள் வரிசையாக நின்று தேவாரம் பாடுவர். வந்தவர் படம் பிடித்துக்கொள்வர். வடையும் பாயாசமும் பரிமாறப்படும். அடுத்தநாள் வேறொருவருடைய திவசம். வாரத்திலே நான்குநாள் தெரியாத மனிதருடைய மரணத்துக்காகப் பாயாசம் உண்ணும் பிள்ளையின் மனநிலையை எவராவது எண்ணிப் பார்த்ததுண்டா? ஐம்பது பிள்ளைகளுக்கு ஒருநாட் கொடுக்கும் விருந்தின் செலவிலே, கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பத்தின் நிலுவை வாடகையைத் தீர்க்கலாம். பிள்ளை இல்லத்துக்கே போகாது. ஆனால் வாடகைச் சிட்டையை எவரும் படம் பிடிப்பதில்லை. இல்லத்திலே இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவர்களை வளர்த்து ஆளாக்கிய இல்லங்கள் உண்டு. வேறு போக்கிடம் அற்ற பிள்ளைகளும் உண்டு. தருமம் முழுவதும் அந்த வாயிலிலேயே போய் நிற்பதைத்தான் சொல்கின்றோம். வாயிலிலே அரிசி குவிந்திருக்கும் இடத்தை நோக்கித் தாய்மார் பிள்ளையைக் கொண்டு வருவது இயல்பே.

1902ஆம் ஆண்டிலே தோன்றிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனையிலும், 1930ஆம் ஆண்டிலே தோன்றிய சைவ மங்கையர் கழகம் வெள்ளவத்தையிலும் நிலைபெற்றமை, அரசாங்கஞ் செய்யும் என்று காத்திராத மனிதராலே. அவர்களைப் போற் பெருங்கட்டடங் கட்டும்படி நாம் இன்று கேட்கவில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் மூவர் போதும். தவணை தொடங்கி மூன்றாம் வாரத்திலே வரவு இடாப்பை எடுத்து, திங்கட்கிழமைகளிலே வராத பிள்ளைகளின் பேரைப் பார்க்க. திங்கள் ஏனெனில், வாரமுடிவிலே கூலியில்லாத வீட்டிலே திங்கட்கிழமைக் காலைதான் வெறுமையாயிருக்கும். சப்பாத்துக் கிழிந்தமையால் வராதவரும், தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றவரும் அதிலே இருப்பர். வீட்டுக்குப் போகும்போது இருவராகப் போக. ஒருவர் பெண்ணாக இருத்தல் நன்று. குற்றம் விசாரிப்பவர்போற் போகாமல், பிள்ளையின் கெட்டித்தனம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு உள்ளே போக. தாய் தேநீர் தந்தால் மறுக்கற்க.

கொடுக்கும் பணத்தைக் கையிற் கொடாமல், வாடகையாயின் வீட்டுக்காரரிடத்தும், அரிசியாயின் கடையிலும், கண்ணாடியாயின் கண்ணாடிக் கடையிலுங் கட்டிவிடலாம். வெள்ளவத்தையில் இதனை இன்னும் பதனமாகச் செய்தல் வேண்டும். அங்கே கடனாகக் கொடுப்பதுபோற் கொடுத்துத் திருப்பிக் கேளாமல் விடுவதே சிறந்த வழி. செலவை ஒரு கொப்பியிலே எழுதுக. அக்கொப்பி ஒருவர் கையில் மாத்திரம் இருக்கட்டும். கொடுத்தவர் பேரை வேண்டுமாயின் சபைச் சுவரிலே பொறிக்கலாம். பெற்றவர் பேர் அதிபருடைய மேசைக்குக்கூட வரலாகாது. அந்தப் பிள்ளை நாளை இந்தப் பாடசாலையிலேயே உபாத்தியாயராக வந்து, அந்த மேசையருகே இருக்கக்கூடும்.